மை போட்டு அடித்த வரி

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் இடது முட்டி ஒன்றைத் தவிர. படி ஏறினால் அது தனியாக என்னோடு சண்டைக்கு வருகிறது. நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் "நலம், வேலை அதிகம்" என்று நாலு வரி கிறுக்கி அனுப்பியிருந்தாய். கல் குவாரியில் இருந்து இருந்து நீயும் கல்லாகிவிட்டாயா?

விஷயத்துக்கு வருகிறேன். இனிமேல் டிராக்டருக்காக எவன் வாசலிலும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போன வருஷம் மழை பெய்து ஒன்பது நாள் கழித்துத்தான் வாடகை வண்டி நம் நிலத்துக்கு வந்தது. ஊரையெல்லாம் உழுது முடித்துவிட்டுக் கடைசியில் வந்து, "உங்களுது நாலு ஏக்கர்தானேக்கா, ஒரு காலையில முடிச்சிடலாம்" என்று இளிக்கிறான். அதற்குள் ஈரம் காய்ந்துபோய், விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் நிலத்தைக் கொடுத்துவிட்டு, உன் மாமாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்க வேண்டியதுதான்.

அதனால் ஒரு பழைய டிராக்டர் வாங்கப் போகிறேன். புதிதுக்கு வழியில்லை. ஓட்டப் போவது நான்தான். உன் மாமா சைக்கிளையே மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவர்.

நீ பழைய டிராக்டர் கடையில் ஆறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். எதைப் பார்க்க வேண்டும், எங்கே ஏமாற்றுவார்கள், ஒன்று விடாமல் எழுது. நல்ல வேலையை ஏன் விட்டாய் என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அதைக் கேட்கவில்லை. டிராக்டரைப் பற்றியாவது வாயைத் திற. முதல் மழைக்கு முன்னால் வண்டி என் வாசலில் நிற்க வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. சட்டை கிழிந்திருந்தால் அளவு அனுப்பு, மாமா தைத்து வைப்பார்.

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

வண்டி பார்க்கக் காலையிலேயே போ. "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடு. போனதும் பேச்சுக் கொடுக்காமல் இன்ஜின் மேல் உள்ளங்கையை வை. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு. காலையில் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் ஆகாத வண்டியைத்தான் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள்.

ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார். தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தால் வேண்டாம். ஆயில் குச்சியை உருவு. ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். ஸ்டார்ட் ஆன உடனே கொஞ்சம் கறுப்புப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயிலைக் குடிக்கிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல். அங்கிருந்து குபுகுபுவென்று புகை வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது.

ஒவ்வொரு கியராகப் போட்டு ஓட்டு. மேட்டில் ஏறும்போது கியர் தானாக வெளியே குதித்தால் பெரிய செலவு. இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக மிதித்துப் பார். ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டு. சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் நாலு விரல் சுற்றினால் சரியில்லை. கலப்பையை மேலே தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்தி, கால் மணி நேரம் சும்மா உட்கார். கலப்பை தானாக இறங்கி வந்தால் ஹைட்ராலிக் போய்விட்டது. புது பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படு. நகத்தால் தடவிப் பார், வெல்டிங் தழும்பு கையில் தட்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நம்பாதே. பெடல் ரப்பரைப் பார். மீட்டரை மாற்றுகிறவனுக்கு பெடல் ரப்பரை மாற்றத் தோன்றாது.

டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்.

அவ்வளவுதான். அவசரப்படாதே.

தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

உன் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வண்டியைப் பார்க்கப் போனேன். மாமாவும் கூட வந்தார், வழியெல்லாம் தலைவலி என்றார், வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிட்டது.

அந்த ஆள் பத்து நிமிஷம் வண்டியின் பெருமை பேசினார். நான் ஒன்றும் சொல்லாமல் போய் இன்ஜின் மேல் கையை வைத்தேன். சுட்டுவிட்டது. "வெயில்ல நின்ன சூடும்மா" என்கிறார். காலை ஏழு மணி, வண்டி நிற்பது கூரைக்குக் கீழே! "உங்க வீட்டுல சூரியன் கூரைக்கு உள்ளயா உதிக்குது?" என்று கேட்டேன். மாமா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆறு வருஷத்துப் படிப்பைக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறாய், நல்லா இருடா.

ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தின் கடைசியில் ஒரு வரியை எழுதிவிட்டு மை போட்டு முழுசாக அடித்திருக்கிறாயே, அது என்ன? காதல் கடிதத்தில் அடிக்கலாம், டிராக்டர் கடிதத்தில் அடிக்க என்ன இருக்கிறது? மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சாவி" என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரிகிறது என்றார். சாவிக்கு என்ன?

இரண்டு வருஷமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நடை வந்து போனால் குவாரி ஓடியா போய்விடும்?

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

நலம். முதல் வண்டியை விட்டது நல்லது.

அடித்த வரியில் ஒன்றுமில்லை. ஏற்கெனவே எழுதியதைத் திரும்ப எழுதிவிட்டேன், அதனால் அடித்தேன். மாமாவிடம் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

இப்போது லீவு கிடைக்காது. அடுத்த வண்டியைப் பார்த்தால், முடிவு செய்வதற்கு முன்னால் எனக்கு எழுது.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

வண்டி கிடைத்துவிட்டது! உனக்கு எழுதிவிட்டு முடிவு செய்யச் சொன்னாய். மழை நாள் பார்த்து வருமே தவிர உன் தபால் பார்த்து வராது. பேசி முடித்துவிட்டேன். பத்தாம் தேதி வீட்டுக்கு வருகிறது.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். மாமாவிடம் துணி தைக்க வந்தவர் ஒருவர் சொல்லித்தான் போனோம். வீட்டில் ஒரு அம்மா மட்டும்தான், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். "ஓட்ட ஆளில்லைங்க. சும்மா நிக்குது" என்றார், அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் பார்த்து முடிக்கிற வரைக்கும் வாசல்படியை விட்டு இறங்கவே இல்லை. ஓட்டிக் காட்டுவதற்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு டிரைவரை வரச் சொல்லியிருந்தார்.

நீ எழுதியது ஒன்று விடாமல் பார்த்தேன். இன்ஜின் சில்லென்று இருந்தது. ஆயில் சுத்தம். நீலப் புகை இல்லை. கலப்பையைத் தூக்கிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன், ஒரு விரல்கூட இறங்கவில்லை. இடது மட்கார்டில் ஒரு ஒட்டு வெல்டிங் இருக்கிறது, மறைக்கவில்லை. டீசல் டேங்க் மூடி தொலையாமல் இருக்க சைக்கிள் செயினைப் போட்டு மாட்டியிருக்கிறார்கள், யாரோ கெட்டிக்காரன் வேலை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரில் டேப் சுற்றியிருக்கிறது, பழைய வண்டியில் அது இல்லாமலா?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது எது தெரியுமா? இந்த வண்டிக்கு ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்சை மிதிக்கவே வேண்டாம். டிரைவர் மேலே ஏறக்கூட இல்லை. "கீழ நின்னே சாவியத் திருப்பலாம்க்கா, பாருங்க" என்று தரையில் நின்றபடி கையை நீட்டித் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நிறுத்தி நிறுத்தி எடுக்கிற வேலையில் என் முட்டிக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! எனக்காகவே செய்த வண்டிடா இது.

மாமா இப்போதே மேலே துணிக்கூரை போட்டுத் தருகிறேன் என்று குதிக்கிறார். சந்தோஷமாக இருக்கிறேன். நீயும் சந்தோஷப்பட்டு இரண்டு வரி எழுது.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. மலையிலிருந்து லாரி பிடித்து இறங்கிவந்து தந்தி அடித்துவிட்டேன், தபாலாபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தந்தியில் நிறைய எழுத முடியவில்லை.

அந்த வண்டியை எடுக்காதே. எடுத்திருந்தால் தொடாதே. யாரையும் தொட விடாதே. யாரும் அதன் முன்னால் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது.

கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆவது நல்லது இல்லை. கிளட்ச் பெடலுக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்ச் இருக்க வேண்டும். கிளட்சை மிதித்தால்தான் அந்த சுவிட்ச் ஸ்டார்ட்டருக்கு கரண்ட் விடும். அது இல்லாவிட்டால், வண்டி கியரில் கிடக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் அப்படியே பாய்ந்து போகும். கீழே நின்று திருப்பினால் நிறுத்தவும் ஆளிருக்காது. உன் வண்டியில் அந்த சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். நீ பார்த்த சிவப்பு டேப் அதுதான்.

பேட்டரி வயரைக் கழற்றி வை. அந்த அம்மாவிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடு. ஓட்ட ஆள் ஏன் இல்லை என்று கேட்டாயா? வேண்டாம், கேட்காதே. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

உன் மாமா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வண்டி சொன்னபடி பத்தாம் தேதி வந்தது. பதின்மூன்றாம் தேதி காலையில் மாமா துணிக்கூரைக்கு அளவெடுக்கிறேன் என்று அளவு நாடாவோடு வண்டியின் முன்னால் குனிந்து நின்றார். நம் வாசல் சரிவு உனக்குத் தெரியும். உருளாமல் இருக்க முந்தின நாள் நான்தான் முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தேன். அதை மறந்துவிட்டேன். கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி நிறுத்தலாமே என்று, ஏறக்கூட இல்லை, கீழே நின்று கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். வண்டி பாய்ந்தது. நான் கத்திய கத்தில் கை தானாகச் சாவியை விட்டுவிட்டது, இன்ஜின் பிடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டது. மாமா பக்கவாட்டில் விழுந்து முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. அவருடைய அளவு நாடா முன் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க அவருக்கும் தைரியம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

உன் தந்தி அன்று சாயங்காலம் வந்தது. "வண்டி எடுக்காதே, தொடாதே, கடிதம் வருகிறது."

கடிதம் நேற்றுமுன்தினம் வந்தது. நாலு தடவை வாசித்தேன். பேட்டரியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். டேய், நான் டேப் என்றுதான் எழுதினேன். என்ன நிறம் என்று எழுதவே இல்லை. போய்ப் பார்த்தேன். சிவப்புதான்.

உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா


ஏப்ரல் 11

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? குவாரிக்கு யாராவது போனால் விசாரிக்கச் சொல்லலாம் என்றால், அங்கே போகிற ஆளும் கிடைக்கவில்லை.

கேட்காதே என்றாய். கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை, போய்க் கேட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அந்த அம்மா பதறிப்போனார். இல்லை என்று சொன்னதும்தான் உட்கார்ந்தார்.

அவருடைய வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வண்டிதான். ஷெட்டில் நின்றிருக்கிறது. அவர் முன்னால் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடியைத் திருகியிருக்கிறார். "ஏறி சாவியத் திருப்பு" என்று சொல்லியிருக்கிறார். இந்த அம்மா ஏறித் திருப்பியிருக்கிறார். வண்டி கியரில் இருந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் ஷெட் சுவர். எனக்கு அந்தச் சுவரைக் காட்டினார். ஒரு இடத்தில் மட்டும் செங்கல் புதிதாக இருக்கிறது.

"கிளட்சை மிதிச்சுட்டுத் திருப்புன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வாருங்க. அன்னிக்கு அடுப்புல பால வெச்சிட்டு ஓடி வந்தேன், மறந்துட்டேன். என் கையாலதாங்க போனாரு." இதை அவர் அழாமல் சொன்னார். அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவருடைய மாமியார் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லையாம். அது நியாயம்தான் என்கிறார்!

அந்த சுவிட்ச் இருந்திருந்தால் அவர் மறந்தாலும் வண்டி நகர்ந்திருக்காது. நீதானே எழுதினாய்? அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். உன் சிவப்பு டேப் நினைவுக்கு வந்தது, பேச்சை மாற்றிவிட்டேன்.

பதில் எழுது. என்ன பதிலாக இருந்தாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

மாமாவின் முழங்கை ஆறிவிட்டதா? இதுவரை ஆறு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்த டேப்பைச் சுற்றியது நான்தான். சைக்கிள் செயினை மாட்டியதும் நான்தான். உன் மார்ச் கடிதத்தில் செயின் என்று பார்த்ததுமே அது எந்த வண்டி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வண்டி கடைக்கு வந்தபோதே சுவிட்ச் உடைந்திருந்தது. புதிது வர பத்து நாள் ஆகும். வாங்குகிறவர் மறுநாள் வருகிறார். முதலாளி "ரெண்டையும் சேத்து முறுக்கி விடுடா, எவன் குனிஞ்சு பாக்கப் போறான்" என்றார். முறுக்கினேன். அது முதல் தடவையும் இல்லை. பத்து வண்டிக்காவது செய்திருப்பேன். கடையில் அது ஒரு வேலை மாதிரியே ஆகிவிட்டது. புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது, மீட்டரைத் திருப்புவது, அதோடு அதுவும் ஒன்று.

மறுநாள் அவர் வந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார். சாவியை அவர் கையில் கொடுத்தது நான். "தம்பி, வேற ஏதாவது கவனிக்கணுமா?" என்று கேட்டார். முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லண்ணே, நல்ல வண்டி" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து லாரி டிரைவர் ஒருவர் கடையில் வந்து சொன்னார். முதலாளி கேட்டுவிட்டு, "பொம்பள கையில சாவியக் குடுத்தா இப்படித்தான்" என்றார். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டேன். நீ மூன்று தடவை கேட்டும் நான் வாயைத் திறக்காதது இதனால்தான்.

அதனால் எனக்கு அப்போதே தெரியும், அக்கா. திருப்பியது அவருடைய மனைவி என்று தெரியும். அந்த அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார் என்று யோசிக்கவில்லையா என்று கேட்பாய். யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்து கல் உடைக்கிற மிஷினுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் நான் அடித்த வரி இதுதான்: "முன்னால் யாரும் இல்லாத வெட்டவெளியில் வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கில் கால் வைத்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருப்பிப் பார். ஸ்டார்ட்டர் அசையக் கூடாது. அசைந்தால் வாங்காதே." எழுதி முடித்ததும், இது உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பது போலவே இருந்தது. அடித்துவிட்டேன். அதை அடிக்காமல் விட்டிருந்தால் மாமா அந்த நாடாவோடு அங்கே நின்றிருக்க மாட்டார்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகமில்லை.

தம்பி


மே 8

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார். ஊசியில் நூலே கோக்காமல் ஒரு முழம் துணி தைத்தார். அப்புறம் "அவனை வரச் சொல்லு" என்றார்.

உன் மேல் எனக்கு வருகிற கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். பொய் சொன்னால் உன் காது சிவக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். கடிதத்தில் காது தெரியவில்லை, அதுதான் உனக்கு வசதியாகப் போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. நீ அங்கே சாப்பிட்டாயோ என்னவோ என்றும் நினைத்தேன், அந்த நினைப்பின் மேலும் கோபம் வந்தது.

கேள். அந்த வயரை நான் அறுக்கப் போவதில்லை. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டு அறுக்கவும் மாட்டேன். முறுக்கியவன் வந்து பிரிக்கட்டும். அதுவரை பேட்டரி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். மழை முந்திக்கொண்டு வந்தால் வரட்டும், நிலம் சும்மா கிடக்கட்டும். அதற்கு நான் தயார்.

ஆனால் முதலில் என் வீட்டுக்கு வராதே. அந்த வீட்டுக்குப் போ. நான் போய்ச் சொல்லிவிடலாம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். என் வாயால் கேட்டால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். டேப் சுற்றிய ஆள் வந்து சொன்னால்தான் நம்புவார். மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று அங்கே போய் விழுந்து புரளாதே. அது உன் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைக்கிற வேலை. நடந்ததைச் சொல். "மிதிக்க மறந்தது உங்க தப்பு, மறந்தாலும் நகரக் கூடாத வண்டிய நகர வெச்சது நான்" என்று சொல். அவர் அடித்தால் வாங்கிக்கொள். போலீஸுக்குப் போனால் கூடவே போ.

வருகிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

வருகிறேன். சுவிட்ச் வாங்கிவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி காலையில் நேராக அந்த வீட்டுக்கு. நடந்ததையெல்லாம், முதலாளி பெயர், தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அதை அவர்களிடம் கொடுத்துவிடுவேன். அதை வைத்து அவர்கள் என்ன செய்தாலும் சரி.

கடையில் நான் முறுக்கிவிட்ட மற்ற வண்டிகள் யாரிடம் போயின என்று நினைவுக்கு வந்தவரை எழுதினேன். ஏழு பேர். ஏழு பேருக்கும் இன்று தபால் போட்டுவிட்டேன்.

பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? நீ இங்கே இருந்த ஒன்றரை நாளில் பத்து வார்த்தை பேசியிருப்பாய். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் நீ படுத்திருந்தபோது உன் இரண்டு கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. காதைப் பார்க்க முடியவில்லை. மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எடுத்துக் கொடுத்தார், நீ கேட்காததையும் சேர்த்து.

நீ போன ஐந்தாம் நாள் அந்த அம்மா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், பஸ் இறங்கி நடந்தே வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "உங்க தம்பி வந்தாருங்க. வாசல்லயே நின்னு எல்லாம் சொல்லிட்டு, தாளைக் குடுத்துட்டுப் போனாரு. உள்ள வாங்கன்னு நான் சொல்லல" என்றார். அப்புறம் வண்டியைப் பார்த்து, "நான் ஒரு தடவை ஏறிப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

சரி என்று சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. மாமாவும் நானும் இரண்டு பக்கமும் தள்ளி நின்றோம். மெதுவாக ஏறினார். முதல் கியரில் போட்டார். "முன்னால யாரும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். திரும்பவும் கேட்டார். மாமா போய் முன்னால் இருந்த கோழியைக்கூட விரட்டிவிட்டு வந்தார்.

கிளட்சில் கால் வைக்காமல் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் திருப்பினார். ஒன்றுமில்லை. எங்களைப் பார்த்தார். அப்புறம் திருப்பிக்கொண்டே இருந்தார், தம்பி. பத்துத் தடவையா இருபது தடவையா, எனக்குத் தெரியாது. "வரலையே... அக்கா, வரலையே... நகரலையே" என்று சொல்லிச் சொல்லித் திருப்பினார். அப்புறம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு என்னிடம் அழாத அழுகையை எல்லாம் அழுதார். நான் ஏறிப்போய் மட்கார்டில் உட்கார்ந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். மாமா சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

போகும்போது தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாமியாரைப் பார்க்கப் போகிறேன் என்றார். உன் தாள் அவருடைய பையில் இருந்தது. அதை என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. உன்னைப் பற்றி நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. யாராவது வந்து கேட்டால் ஓடாதே, இருக்கிற இடத்திலேயே இரு.

நேற்று நல்ல மழை. இன்று காலை எல்லோருக்கும் முன்னால் நான் நிலத்தில் இறங்கிவிட்டேன். வாடகை வண்டிக்காரன் வரப்பில் நின்று வாயைப் பிளந்து பார்த்தான். இரண்டு ஏக்கர் முடிந்தது, ஈரம் இருக்கிறது, நாளைக்கு மீதி. முட்டி வீங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கிளட்சை அடிவரை மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறேன், ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டுகிறேன்.

அந்த ஏழு பேரில் யாராவது பதில் போட்டார்களா? உடனே எழுது. என்ன வந்திருந்தாலும் எழுது, ஒரு வரியைக்கூட அடிக்காதே.

அக்கா